தாயின் மணிக்கட்டுக்கு எந்தப் பதிவேட்டில் இடம்?

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண், மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ குழந்தையோடு புகுந்த வீடு திரும்புவதுதான் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வழக்கம். அதுவரை குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றியது பாட்டி. துணி அலசியது அம்மா. ராத்திரி அழுதால் தூளியை ஆட்டியது தங்கை. திரும்பிய மறுநாளே இத்தனையும் அவள் ஒருத்தியின் கைக்கு வந்துவிடுகிறது. பிறந்தபோது மூன்று கிலோவுக்குள் இருந்த பிள்ளையும் ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை ஏறியிருக்கும். சுமை இரட்டிக்கிற அதே நேரத்தில் துணைக்கு இருந்த கைகள் விலகுகின்றன. பிரசவமான சில வாரங்களில் கட்டைவிரலுக்குக் கீழே லேசாகத் தொடங்கிய வலி, இப்போது பால் சொம்பைக்கூடத் தூக்கவிடாது.

வீட்டில் இதற்குக் காரணங்கள் தயாராக இருக்கும். “பச்சை உடம்போட தண்ணியில கை வச்சா வாதம் பிடிக்காம என்ன செய்யும்?” என்பார் மாமியார். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்வார் பக்கத்து வீட்டுக்காரர். விரலை இழுத்து அழுத்தி உருவினால் வலி கூடும் என்பதை அவர் அறியமாட்டார். எலும்புதான் பிசகிவிட்டது என்று நினைத்து, புத்தூர்க் கட்டுப் போடுகிற இடத்தைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. இளைய தலைமுறையின் தீர்ப்பு இன்னும் சுருக்கம்: “எந்நேரமும் செல்போன தேய்ச்சா வலிக்காதா?” சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் இந்த நோயை விவரித்து எழுதியது 1895-இல். அப்போது யார் கையிலும் செல்போன் இல்லை.

அவர் பெயராலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது. கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. பாவாடை நாடா போல அவை உறைக்குள் வழுக்கிப் போய்வர வேண்டும். உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு இழுப்பும் உராய்கிறது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் உடலில் ஏற்படும் ஹார்மோன் மாற்றமும் நீர்க்கோர்ப்பும் இதற்கு வழிவிடுகின்றன. அதன்மேல் குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்து, நாளெல்லாம் தூக்கி இறக்குகிறாள் தாய். கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது சுரீரென்றால் பெரும்பாலும் இதுதான். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது வேறு: மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கும் தொல்லை. அதுவும் கர்ப்ப காலத்தில் வருவதுதான்.

டாக்டரிடம் போனால் முதலில் எழுதித் தருவது ஓய்வு. மருத்துவம் என்ற வகையில் அதில் பிழை இல்லை. ஆனால், கடைப்பிடிப்பது யார்? குழந்தையோடு வேலை நின்றுவிடுவதில்லை. ஈரப் புடவையைப் பிழிய வேண்டும், கிரைண்டரிலிருந்து மாவை வழிக்க வேண்டும், கறவை மாடு இருந்தால் காலையும் மாலையும் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் காம்பை இழுத்துக் கறக்கும் கைக்கு அது எத்தனை பெரிய தண்டனை என்பதைக் கறந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். களையெடுப்பும் நாற்றுப் பறிப்பும் கட்டைவிரல் வேலைகள்தாம். ஒருத்தி ஓய்வெடுக்க வேண்டுமானால் இந்த வேலைகளை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று சீட்டில் எழுத முடியாது. “நாங்க எல்லாம் பெத்துப் போட்டுட்டு நாத்து நடப் போகலையா?” என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. போனார்கள். அவர்களுக்கும் வலித்திருக்கும். கேட்க ஆளில்லை.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. குழந்தையை அக்குளில் கவ்வித் தூக்காமல், ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறு கையைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியிலும் கொடுத்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டிவைத்து அள்ளி எடுக்கலாம். பால் கொடுக்கும்போது மடியில் தலையணையோ மடித்த புடவையோ வைத்துக்கொண்டால், குழந்தையின் தலைப் பாரம் மணிக்கட்டில் தொங்காது. மருந்துக் கடையில் வாங்கிச் சுற்றும் சாதாரண கிரேப் பேண்டேஜ் கட்டைவிரலைச் சும்மா விட்டுவிடும். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டைதான் தேவை. அதன் விலை சில நூறு ரூபாய்.

பட்டை மட்டும் எல்லோருக்கும் போதாது. துருக்கி மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பட்டை கட்டிய தாய்மாரைவிட உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கே நல்ல பலன் கிடைத்தது. பட்டை கட்டியவர்களுக்கோ பாலூட்டல் நின்ற பிறகுதான் வலி விட்டது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, வலிக்காகப் பால் மறக்கடிக்கச் சொல்லும் பெரியவர்கள் கிளம்பிவிடக் கூடாது. பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய வலி மாத்திரைகள் உண்டு. ஊசிக்காகவும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், அந்த ஊசியை எலும்பு மருத்துவர் போட வேண்டும். உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் ஆகவில்லை என்றால் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏற வேண்டும்; எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கைக்குழந்தையோடு, வலிக்கிற கையோடு.

தமிழ்நாட்டின் தாய்-சேய் நலக் கணக்கு பெருமைப்படத் தக்கது. 2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழ்நாட்டில் 54 பேர். பிரசவங்கள் கிட்டத்தட்ட அனைத்தும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், குழந்தையின் எடை என்று எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் கட்டங்கள் உண்டு. உயிரைக் காப்பதற்காக வரைந்த கட்டங்கள் அவை. வலிக்கு அவற்றில் கட்டம் இல்லை. ஊர்க் கணக்கைக் காட்டாதவன் ஊர் நிர்வாக வாரியத்துக்கு ஆகான் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். ஆனால் கணக்கே எழுதப்படாத ஒன்றுக்கு யாரைப் பொறுப்பாக்குவது? உலக அளவிலும் நிலைமை மேலானதல்ல. பிரசவத்தால் நீண்டகாலத் தொல்லைக்கு ஆளாகும் பெண்கள் ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடிப் பேர் என்று 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் முதுகுவலி இருந்தது. மணிக்கட்டு இல்லை.

இதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று குழந்தைக்குத் தடுப்பூசி போட, தாய் புதன்கிழமைகளில் தானாகவே வருகிறாள். வலி தொடங்கி முற்றுகிற காலமும் ஏறக்குறைய அதுதான். “காய்ச்சல் வந்துச்சா? பால் நல்லா குடிக்கிறானா?” என்று கேட்கும் நர்சம்மா, “உன் கையைக் காட்டும்மா” என்று ஒரு வார்த்தையும் சொல்லலாம். கட்டைவிரலை மடக்கிப் பார்க்கும் சோதனைக்கு அரை நிமிடம் போதும். கிராமச் செவிலியருக்கு வேலை ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. அந்த ஆட்சேபம் நியாயமானதே. அதனால் கேட்பதும் அனுப்பிவைப்பதும் மட்டும் அவர் வேலையாக இருக்கட்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் பக்கவாத நோயாளிகளின் வீடு தேடிப் போகிறார். அதே தெருவில் இருக்கும் கைக்குழந்தைக்காரியின் வீட்டிலும் பத்து நிமிடம் நின்று, பிள்ளையை எப்படித் தூக்குவது என்று காட்டிவிட்டு வரலாம். வீட்டில் இருக்கும் கணவரை வைத்துக்கொண்டே காட்டினால் இன்னும் நல்லது.

காசுக் கணக்கும் இதில் இருக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார ஊதிய விடுப்பைக் கொண்டுவந்தது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறும் ஒப்பந்தப் பெண்ணுக்கு, சட்டம் என்ன சொன்னாலும், பெரும்பாலும் வேலையே மிஞ்சுவதில்லை. ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகிறவருக்கு விடுப்பு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 2018 முதல் அதன் மொத்த மதிப்பு 18,000 ரூபாய், அதிலும் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. வலிக்கிற கையோடு சீக்கிரம் வேலைக்குத் திரும்பும்படி அவளைத் துரத்துவது இந்தத் தொகையின் போதாமையும்தான்.

2015-இல் அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. தாய்க்கென்று சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் வைத்திருந்தார்கள். கட்டைவிரல் பட்டையையும் அதில் சேர்க்கலாமே என்று தோன்றும். பிரசவத்தன்று கொடுத்தால் பரணுக்குத்தான் போகும். ஒன்றரை மாத ஊசியன்று, கையைப் பார்த்துவிட்டு, வலி இருப்பவருக்கு மட்டும் அளவு பார்த்துக் கட்டிவிட வேண்டும்.