கொடி நட்டாச்சு, வேரைத் தோண்டுவது யார்?

பஞ்சமி நிலத்தை மீட்டுவிட்டோம் என்று சுவரொட்டி ஒட்டுகிற தோழர்களே, மீட்ட நிலத்தில் இப்போது என்ன நிற்கிறது? போய்ப் பார்த்தீர்களா? சீமைக்கருவேலம் நிற்கிறது. ஆள் நுழைய முடியாத முள்ளு.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசு ஆணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். 1994 அக்டோபர் 10இல் காரணை நிலத்துக்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகு கிடைக்கிற ஒவ்வொரு ஏக்கரையும் முள்ளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோமே, இது என்ன அரசியல்?

நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுகிறவன் என்பதால் மேலதிகாரிக்கு ஏற்கெனவே இளக்காரம், அது கிடக்கட்டும். எங்க பக்கத்துச் சேரிக்காரர் ஒருவர் நிபந்தனைப் பட்டாவோடு கடன் கேட்டு வந்தார். அடங்கலில் 'தரிசு' என்றிருக்கிறது. பயிர் இருந்தால்தான் பயிர்க்கடன். முள்ளை வெட்டினால்தான் பயிர். வெட்டக் காசு வேணும்னா கடன் வேணும். "வேற யாருக்கும் விற்க முடியாத நிலத்தை அடமானம் வாங்கி நாங்க என்ன பண்றது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். நூறு வருசமா அபகரித்தவனுக்கு இந்தக் கேள்வி எந்தக் கவுண்டரிலும் வந்ததில்லை.

'நிலம் கொடுத்தாலும் இவனுங்க உழமாட்டானுங்க' என்று டீக்கடையில் பேசுகிறான் சாதி இந்து. டேய், அந்த மரத்தை நாங்களா கொண்டுவந்தோம்? தென் அமெரிக்கப் பக்கத்து மரம் அது. வறண்ட மாவட்டங்களில் விறகுக்கென்று பரப்பியது சர்க்கார். நிலத்தை எங்களிடமிருந்து பிடுங்கித் தரிசாப் போட்டது நீ. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது ஊரெல்லாம் ஜேசிபி ஓடியது. எங்க பக்கத்துப் பஞ்சமிக் காட்டுக்கு வரலை.

வேலை லேசில்லை. அரிவாளால் வெட்டினால் ஒன்று பத்தாய்த் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியதும் அடிக்கட்டையை வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்கணும். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை வரும். மண்ணில் வருசக்கணக்கில் கிடந்து முளைக்கும். ஆகவே ரெண்டு மூணு வருசம் கன்றைக் கையால் பிடுங்கணும். திறந்த மண்ணைச் சும்மா விட்டால் பார்த்தீனியம் ஏறும். அதைப் பூக்கும் முன்னால், வெறுங்கையால் தொடாமல் பிடுங்கணும். தொட்டால் தோல் அரிக்கும், சிலருக்கு மூச்சு முட்டும். உடனே சோளமோ கம்போ நெருக்கி விதைக்கணும். வெட்டிய மரம் கரிமூட்டத்துக்கு விலைபோகும். அந்தக் காசு ஒப்பந்தக்காரனுக்கா, நிலத்துக்காரருக்கா என்பதுதான் சண்டை.

2005இன் நூறு நாள் வேலைச் சட்டம் தலித் விவசாயியின் சொந்த நிலத்தைத் திருத்தவும் இடம் கொடுத்தது. எத்தனை கிராமசபையில் எழுந்து கேட்டோம்?

மாணவத் தோழர்கள் விடுமுறையில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த தடவை கடப்பாரையோடு வாங்க. முதல் மழைக்குப் பிறகு மண் இளகி இருக்கிற வாரங்கள் கொஞ்சம்தான்.