இரு கரையிலும் கள்ளத்தோணியா?

பள்ளியை விட்டு நீங்கும் மாணவர்க்குத் தரும் மாற்றுச் சான்றில் 'நாட்டினம்' என்றொரு கட்டம் உண்டு. இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் அக் கட்டத்தை நிரப்ப யான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 'இந்தியர்' என்று கை தானே எழுதிச் செல்லும். யான் முன்பு பணியாற்றிய பள்ளியில், பத்தாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, எழுதிக் கொடுத்த சான்றைப் பார்த்துவிட்டு நகராமல் நின்றாள். "ஐயா, இதை அடித்துவிட்டு 'இலங்கை' என்று எழுதிக் கொடுங்கள். இப்படியே கொண்டுபோனால் முகாமில் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்" என்றாள்.

அவள் பிறந்தது நம் சேலம் மாவட்டத்து ஏதிலியர் முகாம் ஒன்றில். இலங்கையைக் கண்ணாலும் கண்டவளல்லள். அவள் பாட்டியின் தந்தையோ ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்டக் கூலியாய்ப் போனவர். ஆத்தூரிலிருந்து புறப்பட்ட குடும்பம் தலைமுறை பல கழிந்து மீண்டும் சேலம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு நாம் இட்ட பெயர் 'அயலார்'. அடித்து எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் எத்துணையோ பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். சரியானதை அடித்துப் பிழையை எழுதியது அன்றுதான்.

குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறுவோர் வழிநெடுகக் காப்பித் தோட்டங்களைக் காண்பர். இதே காப்பிக்காகவே வெள்ளையர் நம் மக்களைக் கடல் கடத்தி இலங்கை மலைநாட்டுக்கும் கொண்டு சென்றனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை மாவட்டங்களின் ஊர்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய கூட்டம், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாகக் கண்டிக்குப் போயிற்று. நோயிலும் பசியிலும் வழியிலேயே மாய்ந்தவர் பலர். 1869இல் இலைநோய் கண்டு காப்பி அழியத் தேயிலை வந்தது. பயிர் மாறியது, கூலி மாறவில்லை. இலங்கையின் வருவாய்க்கு முதுகெலும்பாயிருந்த அத் தேயிலையைக் கிள்ளிய விரல்கள் தமிழ் விரல்கள்.

அவ் விரல்களுக்கு இலங்கை தந்த கைம்மாறு யாது? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் தம் உறுப்பினர் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் இயற்றி அம் மக்களை நாடற்றோராக்கிற்று. 1949இல் தேர்தல் உரிமையும் போயிற்று. சிங்களவரை மட்டும் நொந்து பயனில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானியர் குடியுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலமே துணைநின்றார். அதனைப் பொறாது செல்வநாயகம் பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தமிழனுக்குத் தமிழன் செய்ததையும் எழுதாவிடில் வரலாறு முழுமையாகாது.

பின்னர் வந்தது 1964 அக்தோபர் 30ஆம் பக்கல் சிரிமாவோ – சாத்திரி ஒப்பந்தம். 9 இலக்கத்து 75 ஆயிரம் மாந்தரை இரு நாட்டுத் தலைமையமைச்சரும் கூறுபோட்டனர். இந்தியாவுக்கு 5 இலக்கத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 இலக்கம். எஞ்சிய ஒன்றரை இலக்கத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதென்று விட்டுவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆட்டு மந்தையைப் பங்கிடுவோரும் ஒருமுறை ஆடுகளைத் தடவிப் பார்ப்பர். இங்கோ அம் மக்களின் பேராளர் எவரையும் கலந்து பேசாமலே கணக்கு முடிந்தது.

இந்தியாவைத் தேர்ந்தோர் கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு வேண்டுகை விடுத்தனர். படிவம் ஆங்கிலத்தில். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய பெயரே பெயர், அவர் போட்ட அகவையே அகவை. முத்தம்மாள் ஒரு தாளில் முத்தம்மா ஆவாள், மற்றொன்றில் முத்து ஆவாள். பின்னாளில் அம் மூவரும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்க அவள் பேரன் அலுவலகப் படியேற வேண்டும். தமிழர்க்குத் தமிழில் ஒரு படிவம் இல்லாமையால் விளைந்த கேடு எத்துணை என்பதை, மொழி வெறும் பேச்சுக் கருவி என்போர் எண்ணிப் பார்க்க.

கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் பெற்றோரை மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற தொடர்வண்டிக்கு அம் மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. எந்தப் புலவனும் அதனினும் செம்மையாகப் பெயரிட்டிருக்க மாட்டான். தலைமன்னாரிலிருந்து கப்பல்; இராமேசுவரம்; மண்டபம் முகாம்; பின்னர் யாரோ எங்கோ கைகாட்டிய ஊர். சிலர்க்குத் தொழிற்கடன் கிடைத்தது. சிலர்க்கு நீலமலையில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இடர்ப்பட்டாரேனும் அவர்க்குத் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரும் குடியுரிமையும் இருந்தன.

1983 சூலைக் கொலைகளுக்குப் பின், 1984இல் அக் கப்பல் நின்றது. நம் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வேண்டுகை விடுத்து விடை வாராதோரும், கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தோரும் அங்கேயே நின்றுபோயினர். உயிருக்கு அஞ்சிய குடும்பங்கள் கிடைத்த படகில் ஏறி இக்கரை சேர்ந்தன. அண்ணன் 1980இல் கப்பலில் வந்தான். அவன் தாயகம் திரும்பியவன். தம்பி 1984இல் படகில் வந்தான், அவன் ஏதிலி. ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒரே தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்த இருவரையும் பிரித்தது கடலன்று, கலம்! இலங்கையில் மலையகத் தமிழனை இழித்துரைக்கச் சிங்களர் வழங்கிய சொல் 'கள்ளத்தோணி'. நம் நாட்டுச் சட்டமும் அவனை அதே சொல்லால் அழைக்கிறது. 'சட்டத்துக்குப் புறம்பான குடியேறி' என்று சற்றுத் தூய்மையாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறது.

சட்டத்தின் நிலையைப் படிப்போர் தெளிவாக அறிதல் வேண்டும். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி 1987 சூலை 1ஆம் பக்கலுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர், பெற்றோர் யாவராயினும், பிறப்பால் குடிமக்கள். முகாமில் பிறந்தோர்க்கும் இது பொருந்தும். அதன் பின் பிறந்தோர்க்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாயிருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல் கட்டு இன்னும் இறுகிற்று: ஒருவர் குடிமகனாயினும் மற்றவர் புறம்பான குடியேறியாயின் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. இந்திய வழித்தோன்றலர் என்று பதிந்து குடியுரிமை பெறும் வழியும் அதே திருத்தத்தால் இவர்க்கு அடைபட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காள நாடு ஆகிய மூன்றிலிருந்து வந்த சிலர்க்கு இக் கதவைத் திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2025இல் நடுவணரசு ஓராணை பிறப்பித்து, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டப் பிரிவுகளிலிருந்து விலக்கியது. சிறை இல்லை என்றது. உரிமை உண்டு என்று சொல்லவில்லை.

அப்படியாயின் இலங்கைக்கே திரும்பலாகாதா என்பர் சிலர். விரும்புவோர் திரும்பலாம், அதற்கும் வழி உண்டு. 2003இல் இலங்கை தன் சட்டத்தை மாற்றி மலையகத் தமிழர்க்குக் குடியுரிமை அளித்தது. 2009இல் அதனை இந்தியாவில் ஏதிலியராய் வாழ்வோர்க்கும் விரித்தது. முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தாலன்றி அப் பிள்ளை அந் நாட்டுக் கணக்கிலும் சேராது. அப் பதிவுப் பணியில் பல்லாண்டு தோள்கொடுத்தது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். அதனை 1984இல் தொடங்கிய சந்திரகாசன், செல்வநாயகத்தின் மகன். தந்தை எம் மக்களுக்காகக் கட்சியை விட்டாரோ, அம் மக்களின் பிள்ளைகட்கு மகன் பிறப்புச் சான்று வாங்கிக் கொடுத்தார்! ஆயினும் போரில் தோட்டமும் வீடும் போய், இங்கே நாற்பதாண்டு வேரூன்றிய மலையகக் குடும்பத்துக்குத் 'திரும்பு' என்னும் சொல்லின் பொருள் என்ன? எதற்குத் திரும்புவது?

2021இல் தமிழக அரசின் கணக்குப்படி 58 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களிலும் 34 ஆயிரவர் வெளியிலும் இருந்தனர். அவ்வாண்டு முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்ட அரசு முனைந்தது. பாராட்டுவோம். வடக்கு கிழக்கிலிருந்து வந்த ஈழத்தமிழர்க்கும் வாழ்வுரிமை வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் முகாமிலுள்ள மலையகத் தமிழர் கேட்பது இரக்கத்தையன்று; இந்திய அரசே 1964இல் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்ட கடனை. 2019 சூன் 17இல் மதுரை உயர்முறை மன்றக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இத்தகையோர் 65 பேர் தொடுத்த வழக்கில், இவர்களைப் புறம்பான குடியேறிகளோடு ஒருங்கு எண்ணலாகாது என்னும் கருத்தோடு, இவர்தம் வேண்டுகைகளை ஏற்று 16 கிழமைக்குள் முடிவு செய்யுமாறு நடுவணரசைப் பணித்தது. கண்டித் தூதரகத்தின் பதிவேடுகள் இந்திய அரசின் பதிவேடுகள். அவற்றைத் திறந்து, வேண்டுகை விடுத்தோர் பெயரையும் முகாம்வாசிகளின் பெயரையும் ஒப்பிடுவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சட்டமன்றத்தில் தீர்மானம் போடும் கட்சிகள் இதனைக் கேட்டு நெருக்க வேண்டும்.

நம்மாலும் ஆவது ஒன்று உண்டு. ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல், துறையூர்ப் பக்கத்து அன்பர்கள் தத்தம் ஊரில் 'சிலோனுக்குப் போன' கிளை எந்த வீட்டுக்கு உண்டு என்று முதியோரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறோம். பழைய மடல், பண ஓலை, நிலப் பட்டாவில் ஒரு பெயர் எதுவாயினும் சான்றே. அருகிலுள்ள முகாமுக்குச் சென்று, 1987 சூலைக்கு முன் இங்கே பிறந்தோர் எவரெனக் கேட்டு, அவர்க்குப் பிறப்புச் சான்றின் படியெடுத்துக் கடவுச்சீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஆசிரியர் நம் இயக்கத்தில் பலர் உளர்.

அம் மாணவியின் பாட்டியை அதன்பின் ஒருமுறை கண்டேன். தகரப் பெட்டியின் அடியிலிருந்து நெகிழித்தாளில் சுற்றிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கண்டி அலுவலகம் அவர் வேண்டுகையைப் பெற்றுக்கொண்டதற்கு அளித்த ஒப்புச்சீட்டு. எழுத்து மங்கியிருந்தது, எண் மட்டும் தெளிவாய்த் தெரிந்தது. படியெடுக்கக் கேட்டேன். "எடுத்துக்கொண்டு உடனே கொடுத்துவிடுங்கள் ஐயா. கப்பல் மறுபடி விட்டால் இதைத்தான் கேட்பார்கள்" என்றார்.