இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா?

2006 ஆம் ஆண்டில், பல்லடத்தை அடுத்த எங்கள் கிராமத்தில், அப்புச்சி தம் கடைசி மூன்று மாத இரவுகளைத் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கழித்தார். படுத்தால் வலி கூடியது. புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கோவையின் பெரிய மருத்துவமனை ஒன்றில் அவருக்கு எடுக்காத படமில்லை. இறுதியில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார்கள். பார்க்க வந்த உறவினர்களோ, "கெட்டி மனுசனுங்க, ஒரு சத்தம் போடலியே" என்று மெச்சினார்கள். நாங்களும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டோம்.

மருத்துவமனை சொன்னதும் உறவினர் மெச்சியதும் ஒருசேரப் பிழை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. முதுகெலும்பில் பரவிய புற்றைக் குணப்படுத்த இயலாமல் போகலாம். அதன் வலியைப் பெரும்பாலும் தணிக்க இயலும். கட்டி இருக்கும் இடத்துக்கு ஒரே ஒருமுறை தரும் கதிர்வீச்சே பலருக்கு வலியைக் குறைக்கிறது. கட்டி தண்டுவடத்தை அழுத்தும்போது ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தை வாங்குகிறது. கால்கள் வலுவிழந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நடக்கும் நிலையில் வந்து சேர்பவர்களே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். நரம்பில் சுரீரெனப் பாயும் வலிக்குத் தனி மருந்துகள் உண்டு. கடும் வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986 இல் வெளியிட்ட வழிகாட்டி, அதை வாய்வழியாக, நேரந்தவறாமல் கொடுக்கச் சொன்னது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இது எட்டாத செலவல்ல.

பிறகு ஏன் அது எங்கள் திண்ணைக்கு வரவில்லை? 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கேட்ட உரிமங்களுக்கும் தண்டனைகளுக்கும் அஞ்சி, மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. 1997 இல் நாடு முழுவதும் பயன்பட்டது ஏறத்தாழ 18 கிலோ. இத்தனைக்கும், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்துடன் அபினி விளைவித்து, பிற நாடுகளின் மருந்துத் தேவைக்கு ஏற்றுமதி செய்துவந்த நாடு இது. 2014 ஆம் ஆண்டின் திருத்தம், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்களை விலக்கி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு ஒரே நடைமுறையை வகுத்தது. சட்டம் தளர்ந்த அளவுக்கு அச்சம் தளரவில்லை. நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வலியின் அளவறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் தரும்போது இவ்விரண்டும் அரிது.

கேரளத்திலிருந்து வாளையாறு தாண்டிக் கோவைக்குச் சிகிச்சைக்காக நோயாளிகள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். 1993 இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் மலப்புரத்தில் அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கியது. 2008 இல் நோய்த்தணிப்புச் சிகிச்சை அம்மாநில அரசின் கொள்கையாயிற்று. உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் செவிலியர் நோயாளியின் வீடு தேடிப் போகிறார். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று தவறாமல் நம் பக்கம் வருகிறது. இந்த ஏற்பாடு மட்டும் ஏன் அதே வலுவோடு வரவில்லை? குளம் தூர்வார ஊர்கூடத் தெரிந்தவர்கள் நாம். தெருவுக்கு நான்கு பேர் சேர்ந்து, படுக்கையில் கிடக்கும் ஒருவரின் புண்ணைக் கழுவக் கற்றுக்கொள்வது அதைவிடக் கடினமா என்ன? 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அடக்கம். அதைக் கேட்டுப் பெறும் குடும்பங்களும், துணைநிற்கும் ஊராரும் இருந்தால்தான் அது தழைக்கும்.

முதுகெலும்பில் கட்டி என்று தெரிந்த முதல் நாளே, "வலிக்கு என்ன செய்வீர்கள்?" என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கடைசி வாரத்துக்கென்று ஒத்திப்போடக் கூடிய கேள்வியல்ல அது.

அப்புச்சி சத்தம் போடாததற்கு அவருடைய மனவுறுதியே காரணம் என்று அன்று நம்பினேன். கேட்டால் கிடைக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்.