ஓய்வுபெற்றதும் குளியலறையை இடியுங்கள்

பி.எஃப். பணமும் பணிக்கொடையும் கைக்கு வந்ததும் வீட்டில் என்னென்னவோ பேச்சு கிளம்பும். காசி யாத்திரை, முன்வாசலுக்குப் புது கேட், பேரன் பேத்தி பெயரில் வைப்புத்தொகை. குளியலறையை யாரும் நினைப்பதில்லை. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2021-இல் 60 ஆனது. அறுபதில் பணி முடித்து வரும் தம்பதி, பெரும்பாலும் முப்பதுகளில் கட்டிய அதே வீட்டில்தான் எழுபதையும் எண்பதையும் கழிக்கப் போகிறார்கள். அந்த வீட்டில் அவர்களை அதிகம் சோதிக்கப் போவது ஐந்துக்கு ஏழு அடி அளவுள்ள அந்தச் சின்ன அறைதான். உடம்பில் வலு இருக்கும்போதே இருவரும் முன்நின்று அதை இடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த பிறகு, வெளியூரிலிருந்து ஓடிவரும் மகன் அவசர அவசரமாகச் செய்யும் வேலையாக அது ஆகிவிடக் கூடாது.

உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-இல் 13.6 சதவீதம் இருப்பார்கள் என்றது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறது?

நம் குளியலறையின் சிக்கலே வேறு. மேலைநாட்டு வீடுகளில் தண்ணீர் தொட்டிக்குள்ளோ கண்ணாடித் தடுப்புக்குள்ளோ நின்றுவிடும். தரை காய்ந்து கிடக்கும். இங்கே வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். தரை முழுக்க ஈரம். செவ்வாய், வெள்ளி அம்மாவுக்கு எண்ணெய்க் குளியல், புதன், சனி அப்பாவுக்கு என்று இருக்கும் வீடுகளில் நல்லெண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து தரையில் ஒரு படலமாகவே படிந்துவிடும். முன்பு சொரசொரப்பான சிமெண்ட் தரையும் கொல்லைப்புறத் துவைகல்லும் காலைத் தாங்கின. பிறகு வந்த பளபள டைல்ஸ் அழகைக் கொடுத்துப் பிடிமானத்தை எடுத்துக்கொண்டது.

டைல்ஸ் வாங்கப் போகும்போது ஆர்-10, ஆர்-11 என்று கடைக்காரர் காட்டுவார். அது ஜெர்மானியத் தரஅளவு. எண்ணெய் தடவிய சரிவில் பாதுகாப்புக் காலணியோடு நடந்து பார்த்துத் தருவது. நாம் காலணியோடு குளிப்பதில்லை. சோப்பு நீரில் வெறுங்காலோடு நடந்து பார்க்கும் இன்னொரு சோதனை உண்டு. ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். குளிக்கும் இடத்துக்குக் குறைந்தது பி வேண்டும். அந்தத் தகவல் பெட்டியில் இல்லையென்றால் சாம்பிள் டைலின் மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றி வெறுங்காலால் மிதித்துப் பார்க்கலாம். கடையில் யார் சிரித்தாலும் கவலை இல்லை. சின்ன அளவு டைல்ஸில் இணைப்புகள் அதிகம். கால் வழுக்குவது குறையும்.

எல்லா வேலையையும் தம்பதி தாங்களே செய்ய வேண்டியதில்லை. ஆனால் அளவெடுக்கும் வேலையை வேறு யாரிடமும் விடக் கூடாது. கொத்தனார் வருவதற்கு முன்பே, உள்ளே ஒரு நாற்காலியைப் போட்டுக் கணவர் உட்கார்ந்து எழட்டும். எழும்போது கை தானாக எங்கே போகிறதோ அந்த இடத்தைச் சுவரில் மனைவி பென்சிலால் குறிக்கட்டும். அடுத்து மனைவி உட்கார, அவர் குறிக்கட்டும். இரண்டு கோடும் ஒரே இடத்தில் விழாது. உயரமும் வலிக்கும் முழங்காலும் ஆளுக்கு ஆள் வேறு. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் கழிப்பறை இருக்கையின் உயரத்தை 450 முதல் 480 மில்லிமீட்டர் வரை என்கின்றன. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 400 மில்லிமீட்டரை ஒட்டியது. முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த இரண்டு மூன்று அங்குலம் பெரிய உதவி. குள்ளமான அம்மாவுக்கோ அதே உயரத்தில் கால் தரையைத் தொடாமல் தொங்கக்கூடும். ஆகவே உட்கார்ந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். வெஸ்டர்ன் கழிப்பறைக்கு மாறுபவர்கள், சுவரிலிருந்து கழிவுக்குழாயின் மையம் எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டே கடைக்குப் போக வேண்டும்.

எழுந்திருக்கும்போது நம்மில் பலர் பிடித்துக்கொள்வது துண்டு போடும் கம்பியை, இல்லையென்றால் குழாயை. இரண்டும் ஆள் பாரத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. பிடிகம்பியின் ஆணி பூச்சோடும் டைலோடும் நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். பூட்டியதும் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகே கூலியைக் கொடுக்கலாம்.

கதவையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் அது இரண்டேகால், இரண்டரை அடி அகலத்தில் உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் வெளியே இருப்பவர் தள்ளித் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவும் வெளியிலிருந்து நீக்கக்கூடிய தாழ்ப்பாளும் உயிரைக் காக்கும் ஏற்பாடுகள். தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் கட்டும் இரண்டு அங்குலக் கட்டை இன்னொரு கண்ணி. மூன்றடிக்கு அரை அங்குலமாவது வாட்டம் கொடுத்துத் தரை போட்டால் தண்ணீர் தானே சாக்கடைக்குப் போய்விடும். கட்டைக்கு வேலையே இருக்காது.

தரையைக் கொத்தி எடுத்ததும் பல வீடுகளில் தெரிவது துருப்பிடித்த ஜி.ஐ. குழாய். உப்புத் தண்ணீர் ஓடும் ஊர்களில் அதன் உட்புறம் அடைத்துப்போயிருக்கும். ஆசைப்பட்டு அதை விட்டுவைத்தால் புது டைல்ஸை மறுபடி உடைக்க வேண்டிவரும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்குப் பிறகு தரையில் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையில் ஓதம் காண்கிறதா என்று பார்ப்பது முறை. மேஸ்திரிக்கு அடுத்த வேலை காத்திருக்கும். அந்த இரண்டு நாளை விழுங்கிவிடத்தான் பார்ப்பார். அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. டைல்ஸ் வரிசையைப் பரப்பிப் பார்ப்பது, இடுக்குகளில் க்ரவுட் அடைத்துத் துடைப்பது போன்ற வேலைகளை இருவரும் தாராளமாகச் செய்யலாம். மின்சாரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். கீஸருக்கு எர்த் இணைப்பும் 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் பொருத்த வேண்டியவை.

இவ்வளவும் கையில் பணம் உள்ளவர்களுக்குச் சரி. மாதம் ஒரு சிறு பென்ஷனில் வாழும் தம்பதி என்ன செய்வார்கள்? ஜப்பானில் 2000-இல் தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீடு, கைப்பிடி பொருத்தவும் படியை எடுக்கவும் கழிப்பறையை மாற்றவும் 2 லட்சம் யென் வரையிலான செலவை ஏற்கிறது. பயனாளி அதில் 10 முதல் 30 சதவீதம் தந்தால் போதும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளுக்கு 2012-இல் வந்த 'ஈஸ்' திட்டத்தில் பிடிகம்பி பொருத்தித் தருகிறார்கள், குளியலறைத் தரையை வழுக்காதபடி ஆக்குகிறார்கள். குடிமக்கள் தருவது வீட்டின் வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 சதவீதம்தான். அங்குள்ள தமிழ் முதியவர்களும் அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் எழுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் அரசு தருகிறது. அந்த வீடுகளின் மதிப்பீட்டில் கழிப்பறைக்கு இரண்டு பிடிகம்பியையும் வெளிப்பக்கம் திறக்கும் கதவையும் சேர்ப்பது அரசுக்குப் பெரிய சுமை ஆகாது. ஏற்கெனவே வீடு உள்ள முதியோருக்கு, சிங்கப்பூரைப் போல, உள்ளாட்சி அமைப்புகளே ஆள் அனுப்பிப் பொருத்தித் தரும் ஒரு திட்டத்தை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்க வேண்டும்.