ஆர்.டி.ஓ. என்றால் என்ன?
சேலை விற்கும் புதிய சந்தையின் பாஷை

காஞ்சீபுரம், பிள்ளையார்பாளையம். காலை நேரம். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அதில் ஒரு வீட்டை மனக்கண்ணால் பாருங்கள்.

வீட்டுக்காரர் தறிக் குழியில் உட்கார்ந்து நாடா ஓட்டுகிறார். மனைவி ஊடை நூல் சுற்றுகிறார். மகள் கல்லூரியில் படிப்பவள். அவள் கையில் செல்போன்.

"அப்பா! நம் சேலையை நாமே போனில் விற்கலாமாம். கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டாமாம். இந்த இடத்தில் 'சம்மதம்' என்று அழுத்தினால் போதும்."

"சரிம்மா. அதில் என்ன எழுதியிருக்கிறது?"

"பக்கம் பக்கமாக இருக்கிறது அப்பா. எல்லாம் இங்கிலீஷ்."

"நீ படித்தாயா?"

மகள் சிரித்தாள். யார்தான் அதைப் படிக்கிறார்கள்?

அங்கேதான் வினை ஆரம்பம். படிக்காமல் போட்ட கையெழுத்துக்குப் பத்திரத்திலும் மன்னிப்புக் கிடையாது, செல்போனிலும் கிடையாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணையச் சந்தை கெட்டது அல்ல. காந்தி ரோட்டுக் கடைக்கு வர முடியாத சேலத்துக்காரி, சிங்கப்பூர்க்காரி எல்லாரும் அங்கே சேலை பார்க்கிறார்கள். பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொண்டு, கூலி மட்டும் எண்ணிக் கொடுக்கும் முதலாளியைத் தவிர வேறு வழி தெரியாத தறிக்காரருக்கு அது ஒரு புது வாசல்தான். ஆனால் அந்த வாசலில் பேசும் பாஷை வேறு. தெரியாமல் உள்ளே போனால் முதல் போய்விடும்.

20 ஏற்றினார், 20 கொடுத்தார், நஷ்டம் எப்படி?

ஒரு கணக்கு. வெறும் உதாரணம்தான்.

பட்டு, ஜரிகை, சாயம், கூலி எல்லாம் சேர்த்து ஒரு சேலைக்கு 8,000 ரூபாய் அடக்கம். தறிக்காரர் அதன் மேல் 20 சதவீதம் ஏற்றினார். 1,600 ரூபாய். விலை 9,600 என்று போட்டார்.

சந்தைக்காரர் கேட்கும் கமிஷனும் 20 சதவீதம். "நாம் 20 ஏற்றினோம், அவர்களுக்கு 20 போகிறது. லாபம் இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை" என்று நினைத்தார்.

தப்பு! சந்தைக்காரர் 8,000-க்குக் கமிஷன் பிடிக்கவில்லை. விற்ற விலையான 9,600-க்குப் பிடித்தார். 1,920 ரூபாய் போயிற்று. கையில் வந்தது 7,680. அடக்க விலையிலேயே 320 ரூபாய் நஷ்டம்!

வியாபார பாஷையில் இதற்கு இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. அடக்கத்தின் மேல் ஏற்றுவது 'மார்க்-அப்'. விற்ற விலையில் நமக்கு நிற்பது 'மார்ஜின்'. இரண்டும் ஒன்று என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன சேலையை நஷ்டமில்லாமல் கொடுப்பதானால் விலை 10,000 இருக்க வேண்டும். அதில் 20 சதவீதம் 2,000 போனால் 8,000 நிற்கும். அதற்கு மேல்தான் லாபம், பெட்டிச் செலவு, தபால் செலவு, விளம்பரச் செலவு எல்லாம்.

இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தறிக்காரரும் போனைத் தொடக் கூடாது.

சூயிங்கமும் சேலையும்

அடுத்த வார்த்தை 'எஸ்.கே.யூ.' பயப்பட வேண்டாம். சரக்கு நம்பர் என்று அர்த்தம். ஒவ்வொரு ரகத்துக்கும், ஒவ்வொரு நிறத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நம்பர். நம்பரைச் சொன்னால் குடோன்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

கடையில் சாமான் மேலே கோடு கோடாக அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பார்கோடு முதன்முதலில் கடையில் உபயோகமானது 1974 ஜூன் 26-ந் தேதி. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர். முதலில் விற்ற சாமான் என்ன தெரியுமா? ஒரு சூயிங்கம் பாக்கெட்!

சூயிங்கத்துக்கு அது சரி. ஒரு பாக்கெட் போல லட்சம் பாக்கெட் இருக்கிறது. ஒன்று விற்றால் அடுத்ததை எடுத்துக் கொடுக்கலாம். காஞ்சீபுரத்துக் கைத்தறிச் சேலை அப்படியா? அந்த மாம்பழ நிறத்தில், அந்த அரக்குக் கரையில், அந்த முந்தானையில் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று.

அதே சேலையைப் போனிலும் போட்டார். உள்ளூர்க் கடையிலும் கொடுத்து வைத்தார். கடையில் காலையில் விற்றுவிட்டது. போனில் மத்தியானம் ஆர்டர் வந்தது. எங்கே போவார்? ஆர்டரை ரத்து செய்தார். ரத்து செய்தால் அபராதம் உண்டு, விற்பவர் பேரில் மதிப்பெண் குறையும் என்று பல சந்தைகளில் விதி இருக்கிறது. நாணயமான மனிதருக்கு 'நம்பிக்கை இல்லாத வியாபாரி' என்று பட்டம்!

அதனால், ஒரு சேலை ஒரே இடத்தில்தான் விற்பனைக்கு இருக்க வேண்டும். இங்கே விற்றால் அந்த நிமிஷமே அங்கே எடுத்துவிட வேண்டும். 'இன்வென்டரி' என்று சொல்லுகிறார்களே, கையிருப்புக் கணக்கு, அது ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தாலே நடக்கிற காரியம். மகள் எழுதலாம். அம்மாவும் எழுதலாம்.

பாவு அறுந்தால் யார் பொறுப்பு?

ஆர்டர் எடுத்த நாளிலிருந்து சரக்கு கைக்குப் போய்ச் சேரும் நாள் வரை உள்ள காலம் 'லீட் டைம்'. சட்டைக் கம்பெனி இரண்டு நாள் என்று போடும். அதைப் பார்த்துத் தறிக்காரரும் இரண்டு நாள் என்று போட்டால் அவ்வளவுதான்.

கோர்வைச் சேலை என்றால் உடலுக்குத் தனி நாடா, இரண்டு கரைக்கும் தனி நாடா. உடலும் கரையும் சேரும் இடத்தில் இழை இழையாகக் கோத்து வர வேண்டும். முந்தானைக்கு வேறு நிறப் பாவு என்றால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்க வேண்டும். பெட்னி போடுவது என்று அதற்குப் பேர். நாள்கணக்கில் ஆகிற வேலை. மழைக்காலத்தில் தறிக் குழியில் ஈரம் ஏறினால் அதுவும் நிற்கும். இதையெல்லாம் சந்தைக்காரரின் மிஷின் அறியாது. "தாமதம்" என்று சிவப்பு எழுத்தில் காட்டும்.

நெய்து முடித்த சேலையை மட்டும் 'கையில் இருக்கிறது' என்று போடலாம். இனிமேல் நெய்ய வேண்டியதை 'ஆர்டரின் பேரில், இத்தனை நாளில்' என்று தனியாகப் போட வேண்டும்.

இதற்குப் பக்கத்து வீட்டு வார்த்தை 'எம்.ஓ.க்யூ.' குறைந்தது இவ்வளவு எடுத்தால்தான் கொடுப்பேன் என்பது. இங்கிலீஷில் சொன்னால் புதிதாகத் தெரிகிறது. தறிக்காரருக்கு இது பரம்பரை ஞானம்! ஒரு பாவு பூட்டினால் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் வரும். "எனக்குக் கிளிப்பச்சையில் ஒன்று மட்டும் போதும்" என்றால் மிச்சப் பாவை என்ன செய்வது? அந்தச் செலவும் விலையில் ஏற வேண்டும், அல்லது அத்தனை சேலையும் எடுக்கும் ஆள் வேண்டும். கல்யாண வீட்டார் மூன்று சகோதரிகளுக்கு ஒரே ரகம் கேட்டால் தறிக்காரர் முகம் மலர்வது அதனால்தான்.

திரும்பி வந்த பார்சல்

சரி, ஆர்.டி.ஓ.வுக்கு வருவோம். ஆர்.டி.ஓ. என்றால் வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி என்று நினைக்க வேண்டாம். இந்தச் சந்தையில் அதற்கு, பார்சல் அனுப்பிய இடத்துக்கே திரும்பி வருவது என்று அர்த்தம். வீடு பூட்டியிருக்கிறது, விலாசம் தப்பு, அல்லது "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். பார்சல் வந்த வழியே திரும்புகிறது.

'பொருள் வந்ததும் பணம்' என்ற முறையில் இந்த ஆபத்து அதிகம். ஆர்டர் கொடுத்தவருக்கு ஒரு காசும் நஷ்டம் இல்லையே! விளையாட்டுக்குக்கூட அழுத்தலாம். போன கூலியும் வந்த கூலியும் யார் தலையில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். மகள் படிக்காமல் தள்ளிவிட்ட பக்கங்களில்தான் அது இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்ச் சேலைக்கு முன்பணம் வாங்காமல் அனுப்புவது தறிக்காரருக்கு ஆகாது.

இன்னொன்று, பிடித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவது. 'ரிட்டர்ன்'. கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மடித்து அனுப்பினால்? போனது பட்டு, வந்தது வேறு என்றால்? பெட்டி கட்டும்போதும், திரும்பி வந்த பெட்டியைப் பிரிக்கும்போதும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

விற்ற பணமும் அன்றே வராது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு கணக்குப் பார்த்து அனுப்புவது பல இடங்களில் வழக்கம். 'செட்டில்மென்ட்' என்பது அதுதான். பட்டு நூலுக்கு இன்றே பணம், சேலைப் பணம் இரண்டு வாரம் கழித்து என்றால், நடுவில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். அந்த வட்டியும் அடக்க விலைதான். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கடைக்காரருக்கு மொத்தமாகக் கொடுத்த சேலைக்கும் கெடு உண்டு. தறிக்காரர் 'உத்யம்' பதிவு வைத்திருந்தால், 2006-ம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. "தீபாவளிக்குப் பார்ப்போம்" என்ற பேச்சு செல்லாது.

வரி விஷயம் சுருக்கமாக. பட்டுத் துணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும் சிறு வியாபாரி ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இணையச் சந்தையில் சேர 2023 அக்டோபர் முதல் வழி திறந்திருக்கிறது. மற்றவர்களுக்குப் பதிவு வேண்டும். பதிவு செய்தவரின் விற்பனையில் சந்தைக்காரர் அரை சதவீதம் பிடித்து அரசாங்கத்தில் கட்டுவார். 2024 ஜூலைக்கு முன் அது ஒரு சதவீதம். பிடித்த பணம் விற்றவர் கணக்கில்தான் இருக்கும். கணக்கு எழுதியவர் அதைத் திரும்பப் பெறலாம். எழுதாதவர் இழப்பார்.

கலைப் பட்டா?

வாங்கும் குடும்பங்களுக்கும் இந்தப் பாஷை வேண்டும். 'ஆர்ட் சில்க்' என்று போட்டிருக்கும். ஆர்ட் என்றால் கலை, ஆகவே கலைப் பட்டு என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்டிபிஷியல் என்பதைக் குறுக்கி ஆர்ட் ஆக்கிவிட்டார்கள். செயற்கை நூல். பட்டுப் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

'காஞ்சீபுரம் மாடல்', 'காஞ்சி ஸ்டைல்' என்ற வார்த்தைகளும் அதே ஜாதி. காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-ம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இந்த வட்டாரத்தில், இந்த முறையில் நெய்தது தவிர மற்றதற்கு அந்தப் பேர் போடுவது குற்றம். ஆனால் 'மாடல்' என்று ஒரு வார்த்தையை ஒட்டிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். நெய்தவன் வயிற்றில் அடிக்கும் வார்த்தை அது. 'சில்க் மார்க்' சீட்டு பட்டு அசல் என்பதற்கு அடையாளம். 2006-ல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்' கைத்தறி என்பதற்கு அடையாளம். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டையும் கேளுங்கள். விற்பவர் பேர், விலாசம் காட்ட வேண்டும் என்று 2020-ம் ஆண்டு இணைய வர்த்தக விதிகள் சொல்லுகின்றன. அதையும் பாருங்கள்.

தமிழில் கொடுங்கள்!

தறிக்காரர் முட்டாள் அல்ல. ஆயிரக்கணக்கான இழைகளை நினைவில் வைத்து அன்னப்பட்சியும் யாளியும் நெய்கிறவருக்கு ஒரு ஒப்பந்தம் புரியாதா? அவர் பாஷையில் எழுதிக் கொடுத்தால் புரியும். தமிழ்நாட்டில் சரக்கு எடுத்து, தமிழ்நாட்டில் காசு வாங்கும் சந்தைகள், விற்பவர் ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுப்பதற்கு என்ன தடை? விளம்பரம் மட்டும் அழகான தமிழில் வருகிறதே! பொத்தானில் 'சம்மதம்' என்று தமிழில் எழுதிவிட்டு, எதற்குச் சம்மதம் என்பதை இங்கிலீஷில் வைப்பது நியாயமா? அரசாங்கம் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் பிறந்தது, தனி நெசவாளி தனியாக நின்று பேரம் பேச முடியாது என்பதால்தான். காஞ்சீபுரத்துப் பட்டுச் சங்கங்கள் பிறந்த காரணமும் அதுவே. கோ-ஆப்டெக்ஸ் இன்று இணையத்திலும் விற்கிறது. ஜவுளி அமைச்சகம் 2023-ல் கைவினைக்காரர்களுக்கு என்றே 'இந்தியா ஹேண்ட்மேட்' என்ற தளம் தொடங்கியது. கமிஷன் கிடையாது. தனியார் சந்தையிலும் சங்கமே ஒரு கடை வைத்தால், நூறு தறிக்குச் சேர்த்துக் கமிஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். திரும்பி வந்த ஒரு பார்சலின் நஷ்டம் ஒரே வீட்டின் அடுப்பை அணைக்காது.

சங்க ஆபீசில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒரு ஆள். மாதத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார்பாளையத்து மகள் அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய், முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.