சோம்பேறி என்று சொல்லுமுன்



"மகள் முன்னைப் போல் இல்லை ஹஸரத். பிள்ளை பெற்றதிலிருந்து எந்நேரமும் படுக்கைதான். கண்ணூறாக இருக்குமோ? தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்று எங்களிடம் வரும் தாய்மார் பலர். துஆக் கேட்பது நல்லதே. ஆனால் நோய்க்கு மருந்து தேடுவதும் மார்க்கம் காட்டிய வழிதான்.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒரு சுரப்பி உண்டு. அதுதான் தைரொயிட். உடல் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதை அது சுரக்கும் ஓமோனே தீர்மானிக்கிறது. இதில் வரும் கோளாறு ஆண்களை விடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம்.

சுரப்புக் குறைந்தால் தீராத அசதி வரும். சாப்பாடு கூடாமலே உடம்பு பெருக்கும். மற்றவர்கள் வியர்க்கும்போது இவளுக்குக் குளிரும். மலச்சிக்கல், முடி கொட்டுதல், தோல் வறட்சி, குரல் கரகரப்பு, மறதி, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு என்பனவும் சேரும்.

சுரப்புக் கூடினால் இதற்கு நேர்மாறு. நன்றாகச் சாப்பிட்டும் மெலிவாள். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். சிலருக்குக் கண்கள் வெளியே தள்ளியிருக்கும்.

பிரசவமாகி ஓராண்டுக்குள் சிலருக்கு முதலில் சுரப்புக் கூடி, பின்னர் குறைவதுண்டு. அப்போதுதான் மாமி "சோம்பேறி" என்பார், கணவர் "கோபக்காரி" என்பார். பாவம், அவளுக்கே காரணம் தெரியாது.

கண்ணாடி முன் நின்று தலையைச் சற்று உயர்த்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பாருங்கள். விழுங்கும்போது கழுத்தில் ஒரு வீக்கம் மேலெழுந்து இறங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். வீக்கம் இல்லாமலும் நோய் இருக்கலாம். இரத்தச்சோகையாலும் மனச்சோர்வாலும் இதே அசதி வரும் என்பதால், அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. ரி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும்.

நம் நாட்டில் 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. அதனால் இந்நோய் இனி வராது என்று எண்ணிவிடாதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் இது வரும். அதற்கு உப்பு மருந்தாகாது.

சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் தைரொக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்தே தேநீர் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். ரமழானில் ஸஹர் உணவுக்கு அரை மணி முன்போ, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று, நான்கு மணி நேரத்தின் பின்போ எடுப்பதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். நோன்பைக் காரணம் காட்டி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

முக்கியமான ஒன்று: கருவுற்றதும் "பிள்ளைக்குக் கூடாது" என்று சிலர் இம்மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முதல் மூன்று மாதங்களில் சிசு தாயின் ஓமோனையே நம்பியிருக்கிறது. அதன் மூளை வளர்ச்சிக்கும் அது தேவை. ஆகவே நிறுத்தாமல் உடனே வைத்தியரைக் காணுங்கள். அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் திடீரென மாறிப்போயிருந்தால், குறை சொல்லுமுன் அவளை ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.