இவ்வளவு தூரம் வந்துட்டு... (மழைக்காலத்தில் கேதார்நாத்)

கேதார்நாத் போகலாமா என்று ஒரு வீட்டில் பேச்சு ஆரம்பித்தால் முதலில் வரும் கேள்வி, "எல்லாருக்கும் எப்போ லீவு கிடைக்கும்?" அடுத்தது, "டிக்கெட் எவ்வளவு ஆகும்?" அந்த நேரத்தில் அங்கே மழை எப்படி இருக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல வீடுகளில் வருவதே இல்லை.

இதற்கு நம் ஊர் வானிலையும் ஒரு காரணம். சென்னைக்காரருக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஜூலை, ஆகஸ்ட் என்றால் வெயில் கொஞ்சம் குறையும், என்றைக்காவது சாயங்காலம் ஒரு மழை கொட்டும், அவ்வளவுதான். இமயமலையில் கணக்கே தலைகீழ். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் கடைசியில் உத்தராகண்டுக்குள் நுழையும், செப்டம்பர் கடைசி வாக்கில்தான் விலகும். நடுவில் உள்ள ஜூலையும் ஆகஸ்டும்தான் உச்சம். இங்கே குடையைத் தேடி எடுக்கிற ஐப்பசியில் அங்கே வானம் பெரும்பாலும் துடைத்து வைத்தது போல இருக்கும்!

இருந்தும் ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. வடநாட்டுக் கணக்கில் அது சிராவண மாதம், சிவனுக்கு உகந்தது. அந்த மாதத்துத் திங்கட்கிழமைகள் அங்கே ரொம்ப விசேஷம். மே, ஜூனில் நெரியும் கூட்டம் அப்போது குறைந்துவிடும். அறை வாடகையும் இறங்கிவிடும். கையில் காசு குறைவாக இருக்கிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் வாடகை ஏன் இறங்குகிறது என்று யாராவது கேட்கிறார்களா? கேட்பவர்கள் குறைந்ததால் விலை குறைகிறது, அது பதினோராம் வகுப்புப் பொருளியல். கேட்பவர்கள் ஏன் குறைந்தார்கள்? அந்தப் பாதையைத் தெரிந்தவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பதால்தான். ஆக, அந்த மலிவு விலையே ஒரு எச்சரிக்கைப் பலகை மாதிரி. அதைப் பலர் தள்ளுபடிப் பலகை என்று படித்துவிடுகிறார்கள்.

சரி, அந்தப் பாதை எப்படி இருக்கும்?

ரிஷிகேஷில் இருந்து சோன்பிரயாக் 200 கிலோமீட்டருக்கு மேல். தேவப்பிரயாக், ஸ்ரீநகர் (காஷ்மீரில் இருப்பது இல்லை, இது வேறு), ருத்ரபிரயாக், குப்தகாசி என்று ஆற்றை ஒட்டியே, மலையைச் செதுக்கிப் போட்ட சாலை. ஸ்ரீநகருக்கும் ருத்ரபிரயாகுக்கும் நடுவில் சிரோபகட் என்று ஓர் இடம். மழை வந்தால் மண் சரிவதற்கென்றே பெயர் எடுத்தது. சோன்பிரயாகில் சொந்த வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து கௌரிகுண்ட் வரை 5 கிலோமீட்டர் உள்ளூர் ஜீப். அதன் பிறகு சுமார் 16 கிலோமீட்டர் நடை. கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். கௌரிகுண்டில் இருந்து கணக்குப் போட்டால் சுமார் 1,600 மீட்டர் ஏற்றம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மேலே போவதற்குப் பள்ளத்தாக்கு ஒன்று, பாதையும் ஒன்று. எந்த இடத்தில் அறுந்தாலும் மேலே இருப்பவர் மேலேயே, கீழே இருப்பவர் கீழேயே. "வேற ரூட்ல போயிடலாம்" என்று டிரைவரிடம் சொல்ல முடியாது.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்பார்கள். கண்ணால் பார்த்து ஓட்டும் சேவை அது. மலையிடுக்கில் மேகம் இறங்கினால் பறக்க முடியாது. மழை மாதங்களில் சேவை பெரும்பாலும் நின்றுவிடும். 2025 ஜூன் 15 காலையில் கேதார்நாத்தில் இருந்து திரும்பிய ஹெலிகாப்டர் ஒன்று கௌரிகுண்ட் அருகே விழுந்து அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். வானிலை மோசமான நாளில் நடக்க முடியாதவருக்கு ஹெலிகாப்டர் மாற்று வழி இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2013ஐப் பற்றிச் சொல்லாமல் கேதார்நாத் மழையைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஆண்டு பருவமழை வழக்கமான தேதிக்கு முன்பே வந்துவிட்டது. ஜூன் 16 சாயங்காலத்துக்குள் கோயிலுக்கு மேலே சோராபாரி பனியாற்றுப் பகுதியில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. 17ஆம் தேதி காலையில் சோராபாரி ஏரி உடைந்து மந்தாகினியில் பாய்ந்தது. பாதையின் நடுவில் இருந்த ராம்பாரா என்ற இடமே அழிந்துபோனது. உத்தராகண்டில் அந்த வெள்ளத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 4,000க்கும் மேல். கோயில் நின்றது. கோயிலைச் சுற்றி இருந்தவை நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நிறைய மாறியது. நடைபாதையின் மேல்பகுதியை ஆற்றின் மறுகரைக்கு மாற்றினார்கள். யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம் ஆனது. மீட்புப் படைகள் பலப்பட்டன. ஆனால் மலை மாறவில்லையே! 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் கௌரிகுண்டில் இரவில் மண் சரிந்து கடைகளை ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது. 2024 ஜூலை 31 இரவு பெய்த பேய்மழையில் லின்சோலி, பீம்பலி பக்கம் பாதை பல இடங்களில் அறுந்து, ஆயிரக்கணக்கானவர்களை விமானப்படை ஹெலிகாப்டர் வரை கொண்டுவந்து மீட்க வேண்டியிருந்தது. இது மே மாதக் கூட்டத்தில் நடந்ததல்ல. "ஆஃப் சீசன்" என்று வாடகை குறைத்துக் கொடுத்த நாட்களில் நடந்தது.

இப்போது கொஞ்சம் காமர்ஸ்.

பி.காம். படிப்பவர்களுக்கு "மூழ்கிய செலவு" என்ற சொல் தெரிந்திருக்கும். ஏற்கெனவே செலவான, என்ன செய்தாலும் திரும்பி வராத பணம். அடுத்த முடிவை எடுக்கும்போது அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பாடம். பரீட்சையில் எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள். குப்தகாசியில் மழையில் நின்றுகொண்டு எழுதச் சொன்னால்தான் தெரியும்!

ஏனென்றால் அங்கே அந்தப் பாடம் வேறு வடிவத்தில் வரும். "இவ்வளவு தூரம் வந்துட்டு பார்க்காம போறதா?" கேதார்நாத் பாதையில் மண்சரிவைவிட ஆபத்தானது இந்த ஒரு வாக்கியம். சென்னையில் இருந்து டெல்லிக்கே ரயிலில் 30 மணி நேரத்துக்கு மேல். அப்புறம் ஹரித்வார், அப்புறம் ஒரு முழு நாள் மலைப்பாதை. அவ்வளவும் தாண்டி வந்தவரிடம், நாளை மழை கொட்டும், இங்கேயே இருங்கள் என்றால் மனசு கேட்குமா?

கேட்காமல் போவதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பக்தி இல்லை. திரும்பும் டிக்கெட். ஞாயிறு இரவு டெல்லியில் ரயில் ஏற வேண்டும், திங்களோ செவ்வாயோ ஆபீஸ். எனவே வெள்ளிக்கிழமை எப்படியாவது மேலே ஏறி இறங்கிவிட வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. வானிலை மையம் மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருவது சில நாட்கள் முன்புதான். 60 நாள் முன்பு போட்ட திட்டத்துக்காக இன்றைய சிவப்பு எச்சரிக்கையை ஒதுக்கித் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர், இரண்டு அறை. மே மாதத்தில் ஓர் அறை ரூ. 2,500, ஜூலையில் ரூ. 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நான்கு இரவு தங்கினால் மிச்சம் ரூ. 10,400. பரவாயில்லையே! இப்போது பாதை மூடி இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டி வருகிறது. ஒரு நாளைக்கு அறை ரூ. 2,400, சாப்பாடு ரூ. 1,200, காத்திருக்கும் காருக்கு ரூ. 2,000. இரண்டு நாளைக்கு ரூ. 11,200. மிச்சம் பிடித்தது காலி. தவறவிட்ட ரயில் டிக்கெட் தனி.

இந்தக் கணக்கு சொல்வது இதுதான்: மழைக்காலத்தில் மிச்சமாகும் பணம் யாத்ரீகருடைய பணம் இல்லை. அது காத்திருக்கும் நாட்களுக்கான முன்பணம். அதை எடுத்து ஷாப்பிங்கில் செலவழித்துவிட்டால், காத்திருக்க வேண்டிய நாளில் கையில் காசு இருக்காது. காசு இல்லாதவர் மழையில் கிளம்புவார்.

அதனால் திட்டம் போடுகிறவர்கள் சில விஷயங்களை வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

1. மாதத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் இருந்து, தீபாவளியை ஒட்டி வரும் பாய் தூஜ் அன்று நடை அடைக்கும் வரை நல்ல காலம். குளிர் இருக்கும், ஆனால் ஸ்வெட்டரால் சமாளிக்கலாம். மண்சரிவை ஸ்வெட்டரால் சமாளிக்க முடியாது.

2. ஜூலை, ஆகஸ்ட்தான் முடியும் என்றால் குறைந்தது இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். அதற்கான பணத்தைத் தனி கவரில் போட்டு வையுங்கள். அவ்வளவு லீவு இல்லை என்றால் அந்த ஆண்டு வேண்டாம்.

3. திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

4. டூர் ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி: "பாதை மூடினால் கூடுதல் நாள் செலவு யாருடையது?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

5. சிராவணத்தில் கன்வர் யாத்திரை நடக்கும் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹரித்வாரில் கங்கைத் தண்ணீர் எடுக்க வரும் கூட்டத்துக்காக டெல்லி–ஹரித்வார் சாலையில் போக்குவரத்தையே திருப்பி விடுவார்கள்.

6. எச்சரிக்கை வந்தால் மேலே போவதில்லை என்பதை ரயில் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் குரல் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார். முட்டிவலிக்கார அம்மா வாய் திறக்காமல் கூடவே நடப்பார்.

"எல்லாரும் இப்படி யோசித்தால் அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பிழைப்பது?" என்று கேட்கலாம். குதிரைக்காரர், டீக்கடைக்காரர், டோலி தூக்குகிறவர் எல்லாருக்கும் இந்த ஆறு மாதம்தான் வருமானம். நியாயமான கேள்வி. ஆனால் பாதை அறுந்த நாளில் அவர்களுக்கும் வருமானம் இல்லை. போகிறவர்களை மீட்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது. அக்டோபரில் போகிறவர் கொடுக்கும் காசும் அதே காசுதான்.

இன்னொரு வாதம் இதைவிடப் பெரியது. "சிவன் கூப்பிட்டால் போய்த்தான் ஆகணும். மழையைப் பார்த்துப் பயப்படுவது என்ன பக்தி?" அமர்நாத் யாத்திரை மழைக்காலத்தில்தானே நடக்கிறது என்பார்கள். உண்மை, அது சிராவணப் பௌர்ணமியோடு கட்டப்பட்டது, வேறு மாதம் கிடையாது. 2022 ஜூலை 8 அன்று அங்கே குகை அருகே வந்த வெள்ளத்தில் 15 பேருக்கு மேல் இறந்தார்கள். 2025இல் மழையால் பாதை கெட்டு, யாத்திரையை ஆகஸ்ட் 3 அன்றே, ஒரு வாரம் முன்னதாக நிறுத்தினார்கள். கேதார்நாத்துக்கு அந்த மாதக் கட்டாயம் கிடையாது. இல்லாத கட்டாயத்தை ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

கேதார்நாத்தின் சம்பிரதாயத்தையே பாருங்கள். குளிர்காலம் வந்தால் நடையை அடைத்து, உற்சவரைப் பல்லக்கில் கீழே உகிமட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் பூஜை அங்கேதான். மகா சிவராத்திரி அன்றுகூட மேலே கோயில் மூடித்தான் இருக்கும். அந்த ஆண்டு நடை திறக்கும் தேதியை உகிமட்டில்தான் அறிவிப்பார்கள். பருவத்தைப் பார்த்து சுவாமியே இறங்கி வருகிறார். பக்தர் இறங்கி வந்தால் குறைச்சலா? பாதை மூடி, குப்தகாசியில் மாட்டிக்கொண்டவர்கள், சாலை அனுமதித்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் அதே உகிமட்டுக்குப் போய் ஓங்காரேஸ்வரரைக் கும்பிட்டு வரலாம்.

தமிழில் இதற்கு இன்னும் பழைய பதில் இருக்கிறது. கேதாரம் பாடல் பெற்ற தலம். அதைப் பாடிய திருஞானசம்பந்தர் அங்கே போகவில்லை, காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. அப்பர் கதை எல்லாருக்கும் தெரியும். கயிலையைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று, நடக்க முடியாதபோது தவழ்ந்தும் போனவர். பிடிவாதத்துக்கு அவரைத்தான் உதாரணம் சொல்வார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. திரும்பிப் போ என்று சொல்லி, ஒரு குளத்தில் மூழ்கச் சொன்னார் இறைவன். எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சி கிடைத்தது அங்கே, காவிரிக் கரையில்! திருவையாற்றில் அதை விழாவாகக் கொண்டாடுவது ஆடி அமாவாசையில். அதாவது கேதார்நாத் மலையில் மழை உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில்.

எனவே யாத்திரைத் திட்டம் போடும் தாளில் போகும் தேதி, வரும் தேதி, பட்ஜெட் என்று எழுதும்போது, கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "பாதி வழியில் திரும்புவோம்" என்பதும் திட்டம்தான், அதற்கு இவ்வளவு பணம், இத்தனை நாள். அந்த வரியை எழுத முடியாதவர்கள் அக்டோபர் வரை காத்திருக்கட்டும். கோயில் அங்கேயேதான் இருக்கும்.